போதையில்லாக் கஞ்சாவுக்கு ஒரு மனு

கஞ்சா வளர்க்க அனுமதி வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்கு மனு கொடுத்தவர், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே 'கஞ்சா வாத்தியார்' ஒருவராகத்தான் இருப்பார். பீடி, சுருட்டு, வெற்றிலை எதையும் தொடாதவர். டீ குடித்தால்கூடத் தலை சுற்றுகிறது என்பார்.

வடக்கனந்தல் பக்கம் கரும்பு விவசாயி. வாத்தியார் என்பது, யாரைக் கண்டாலும் நிறுத்திப் பாடம் எடுத்ததால் வந்த பட்டம். கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் என் கடைக்குத் திங்கட்கிழமை தவறாமல் வந்துவிடுவார்.

"எழுதுங்க தம்பி. இது கஞ்சாவுக்குத் தம்பி முறை. ஆனா போதை கெடையாது. கரும்பைவிடத் தண்ணி கம்மி. நாருல துணி, சக்கையில செங்கல், காயிதம்..."

"கஞ்சான்ற வார்த்தையே வேணாங்க. தொழிற்சணல்னு போட்டுடலாம்."

"இன்னா தம்பி இது? அண்ணன் கெட்டவன்னா தம்பிக்கு இனிஷியலை மாத்துவீங்களா?"

அந்த வார்த்தையை நான் மாற்றவில்லை. மனு போன மேஜையிலெல்லாம் சிரித்தார்கள்.

ஆனால் அவருடைய கவலை சிரிக்கிற விஷயமில்லை. வெள்ளிமலைப் பக்கத்து மலை ஜனங்கள் வருஷா வருஷம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்க் கூலிக்குப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. மழையிலேயே விளைகிற பணப்பயிர் ஒன்று கிடைத்தால் போகமாட்டார்கள் என்று நம்பினார்.

வடக்கே ஏதோ ஒரு மலை மாநிலத்தில் அனுமதி உண்டு என்று தெரிந்து, அங்கிருந்து அந்த நாரில் நெய்த சட்டை ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். அதை மாட்டிக்கொண்டு, அந்த ஜனங்களுக்குக் காட்ட என்னையும் மலைக்கு இழுத்துப் போனார். வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டது.

"பையில இன்னா?" என்றார் ஏட்டு.

"பையில ஒண்ணுமில்லீங்க. சட்டைதான் கஞ்சா."

மொத்த பஸ்ஸும் கீழே இறக்கப்பட்டது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். இவரோ சட்டையைக் கழற்றி ஏட்டு கையில் கொடுத்து, வெற்றுடம்போடு பாடத்தை ஆரம்பித்துவிட்டார். ஏட்டு சட்டையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"யோவ், வேர்வை நாத்தம்தான்யா அடிக்குது!"

"அதைத்தாங்க ஒரு வருசமா நானும் சொல்லிக்கினு கீறேன்!"

அதன்பிறகு ஒருநாள் வேளாண்மை அதிகாரி ஒருவர் அவரை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். "சட்டத்துல இப்போ எடமில்லீங்க. நம்மூரு சணப்பு இருக்குதே, அதுலயும் நாரு வரும். அதைப் போட்டுப் பாருங்க."

அடுத்த திங்கட்கிழமை வாத்தியார் என் கடைப் பக்கமே வரவில்லை. பிறகு மலைமேல் கரியாலூரில் தெரிந்த விவசாயி சடையனின் நிலத்தில் சணப்பு விதைத்தார். மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பக்கத்து அருவியைப் பார்க்க வந்தவர்கள் பூக்களுக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துப் பாடம் எடுத்தார். நார் உரிக்க நாள்கூடக் குறித்துவிட்டார்.

அந்த நாளுக்கு முன்பே சடையன் மொத்தத்தையும் மடக்கி உழுதுவிட்டார்.

"நாரு எங்கடா?" என்று அலறினார் வாத்தியார்.

"சணப்பை மடக்கி உழுதா மண்ணுக்கு நல்லதுங்களே."

வாத்தியார் மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். அடுத்து அங்கே நட்ட மரவள்ளி, சடையன் அதுவரை பார்த்திராத பருமனில் விளைந்தது. அந்த வருஷம் சடையன் குடும்பம் கூலிக்குப் போகவில்லை. மலையில் ஆளாளுக்குச் சணப்பு விதை கேட்டார்கள்.

வாத்தியார் இலவசமாகவே கொடுக்கிறார். ஒரே நிபந்தனை, பாடத்தை முழுசாகக் கேட்க வேண்டும். விதை கைக்கு வந்ததும் பாதிப்பேர் நழுவிவிடுகிறார்கள்.

நான் நழுவுவதில்லை. எனக்கு நிலம் கிடையாது, விதையும் வேண்டாம். மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பாடத்தின் நடுவில் அவர் மூச்சு வாங்க நிற்கும்போது, "அப்புறம் இன்னாங்க?" என்று கேட்பேன். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே!