எலிக்கு எதிரான ஆட்டு மருந்து

ஆம்பூர்,
9-11-1984

என் அண்ணன் பிள்ளை தேவானந்தத்துக்கு அத்தை ஞானசுந்தரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கை பொன்மலரும் இங்கு சுகம். நீ அமெரிக்கக் குளிரில் சுகமாயிருக்க காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. சுகம் இல்லை தம்பி. உன் தங்கச்சி வாழ்க்கையில நான் மண்ண அள்ளிப் போட்டுட்டேன்.

நீ ரஷீத் அஹமது சாயபுகிட்ட குடுத்தனுப்பின தெர்மாகோல் பெட்டி திங்கக்கிழமையே பத்திரமா வந்துடுச்சி. ஷூ ஆர்டருக்குப் போன மனுஷன், ஏரோப்ளேன்ல மடியிலயே வச்சிக்கினு வந்தாராம். பொன்மலர் லேப் வேலையா மூணு நாள் வேலூர்லயே தங்கிட்டா. ஐஸ் கரையுதேன்னு பக்கத்து வீட்டு பில்கிஸ் ஃப்ரிட்ஜில கொண்டுபோய் வச்சேன். மாவுச் சட்டிக்கும் தக்காளிக்கும் நடுவுல, கண்ணுக்கு விடுற மருந்தாட்டம் ஒரே ஒரு சின்ன பாட்டில். அதுலதான் அவளோட டாக்டர் பட்டமே இருக்குது.

அவ எனக்கு எத்தினியோ வாட்டி சொல்லியிருக்கா. ரத்தத்துல இருக்கிற அணுவுக்கு மேல வாசக்கதவு மாதிரி ஒரு புரதம் இருக்குதாம். சுண்டெலிகிட்டேர்ந்து எடுத்த மருந்து அந்தக் கதவத் தேடிப் போய் ஒட்டிக்குமாம். ஆனா ஒட்டினது கண்ணுக்குத் தெரியாதாம். அதும்மேல ஆட்டுகிட்டேர்ந்து எடுத்த மருந்த ஊத்தினா, அது அந்த எலி மருந்தத் தேடிப் போய் ஒட்டிக்கினு, விளக்குல பச்சையா மின்னுமாம். மின்னினா கதவு இருக்குது, இல்லன்னா இல்ல. எலி மருந்து லேப்ல இருக்குது. இந்த ஆட்டு மருந்துக்குத்தான் ஏழு மாசமா காத்துக்கினு கெடந்தா. இந்த மாசக் கடைசிக்குள்ள மின்னலன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு.

பில்கிஸ் வீட்டுக்காரர் கவுஸ் பாஷா தோல் குடோன்ல சூப்பர்வைசர். உப்புப் போட்டு அடுக்கின ஆட்டுத் தோலையெல்லாம் எலி கடிச்சி அவருக்கு ஒரே பேஜாரு. தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜத் தொறந்தவரு பாட்டில் மேல ஒட்டியிருந்த சீட்டப் படிச்சாரு. "கோட், ஆன்டி, மவுஸ்... இன்னாக்கா இது, ஆட்டுத் தோலுக்கு எலி மருந்தா?"

"ஆட்டுதுதான் தம்பி, எலிக்குத்தான்"னேன். அதுல ஒரு எழுத்து பொய் உண்டா, நீயே சொல்லு.

"அமெரிக்கா சரக்காச்சே! ரெண்டு சொட்டு எடுத்துக்கட்டாக்கா?"

இருக்கிறதுல பங்கு குடுக்கணும்னு பாஸ்டர் ஐயா போன ஞாயித்துக்கிழமதான் பிரசங்கம் பண்ணாரு. ரெண்டு சொட்டுதானே, எடுத்துக்கோன்னேன். அந்தப் பாட்டில்ல இருந்ததே அவ்ளோதான் தம்பி. பூராத்தையும் ஒரு வாளித் தண்ணியில கலந்து தெளிச்சிட்டாரு. விஷயம் தெரிஞ்சி குடோனுக்கு ஓடினேன். தோலப் பிழிஞ்சாவது குடுன்னு அழுதேன். "தோல் குடிச்சிடுச்சிக்கா"ன்னு அவரும் கூடவே அழுதாரு. பில்கிஸ்தான் தைரியம் சொன்னா: "ஆட்டுகிட்டேர்ந்துதானே எடுக்கிறாங்க? நம்ம ஆட்டுக்கு ஒரு எலியக் காட்டி கோவம் வர வைக்கலாம்க்கா." பொறியில மாட்டின எலிய எடுத்தாந்து மூஞ்சிக்கு நேரா காட்டினோம். ஆடு மோந்து பாத்துட்டு என் முந்தானைய மென்னுச்சி.

பொன்மலர் நேத்து வந்தா. செருப்பு கூட கழட்டல. "சாயபு வந்தாரா அத்தை?"

"இன்னும் இல்லம்மா."

அம்பத்தாறு வயசுல இப்படி ஒரு பொய். அவ சோத்தத் தொடாம தட்டுல வெரலால கோடு போட்டுக்கினே உக்காந்திருந்தா.

எப்பாடு பட்டாவது இன்னொரு பாட்டில் அனுப்பு தம்பி. அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. தெரிஞ்சா, தாயில்லாப் புள்ளைய வளத்த என் மூஞ்சிய அவ எப்படிப் பாப்பா?

நீ நடக்கிற பனியெல்லாம் வழுக்காம ஆண்டவர் பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
பாவியாகிய உன் அத்தை
ஞானசுந்தரி

பி.கு.: இங்கிலீஷ் அட்ரஸ் எனக்கு எழுத வராது இல்ல? ஏரோகிராம மடிச்சி பொன்மலர் கையிலதான் குடுக்கிறேன். எழுதி, ஒட்டி, போட்டுடுவா. அடுத்தவங்க கடிதாசியப் படிக்கிற புள்ள இல்ல அவ.

அண்ணா, பொன்மலர் எழுதுகிறேன். மாசக் கடைசிக்குள் வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் அனுப்பு, லேப் முகவரிக்கே. நான் இதைப் படித்தது அத்தைக்குத் தெரிய வேண்டாம். சந்தேகம் வரக் கூடாது என்று இனி தினமும் சாயங்காலம் வந்ததும், "சாயபு வந்தாரா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.