நடு நாற்காலி

தூதரகங்களிலேயே காலம் கழித்தவளுக்கு ஒரு மேடையில் நாற்காலி போடத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். திண்டுக்கல்லில் மட்டும் நம்புவார்கள்.

ஓய்வுபெற்றதும் சொந்த ஊர் திரும்பி ஒரு பெண்கள் கல்லூரிக்குத் தலைவரானேன். முதல் ஆண்டு விழாவுக்கு மேடையில் யாரை நடுவில் உட்கார வைப்பது என்று ஆசிரியர்கள் அடித்துக்கொண்டார்கள். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.) நாடுகளே சண்டையில்லாமல் அகர வரிசையில் உட்காருகின்றன, நமக்கென்ன என்று அப்படியே போடச் சொன்னேன்.

நடு நாற்காலி பந்தல் போட்ட பாண்டிக்குப் போனது. வேடசந்தூர் மில் முதலாளி வையாபுரி ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கு வருவதே அவருடைய மில் பஸ்ஸில்தான். பொன்னாடையும் அதே வரிசையில் போனது. அழைக்காத ஒருவர் இடையில் மேடையேறி ஒன்றை வாங்கிக்கொண்டதால், வையாபுரியின் முறை வந்தபோது தட்டு காலி. சமயோசிதமாக எனக்குப் போட்டதைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். கூட்டம் கைதட்டவில்லை.

மறுநாள் தேர்வு. பஸ் வரவில்லை. பாதி பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

மில்லுக்கு ஓடினேன். வையாபுரி காபி கொடுத்து உபசரித்தார். எனக்குத் தெரிந்த ராஜதந்திர வருத்தங்களையெல்லாம் தெரிவித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீகம்மா. கீழ ஒக்காந்திருந்த புள்ளைக அம்புட்டும் எங்க மில்லு ஆளுக பெத்ததுக. நாளைக்கு அவுகள நான் எப்படி வேல ஏவ?"

வருத்தம் தெரிவிப்பதை விட்டுவிட்டு, "தப்புத்தேன், மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டு பஸ்ஸை எடுக்கச் சொன்னார். தவறிய தேர்வை அந்த வாரமே மறுபடி வைத்தோம். அதில் முதலாக வந்தவர்களுக்குப் பரிசளிக்க வந்தவர் அவர்தான். மேடையில் ஒரே ஒரு நாற்காலி போட்டோம், நட்டநடுவில். நான் நின்றுகொண்டேன்.

வீட்டில்தான் அகர வரிசை இன்னும் ஒழியவில்லை. பிரியாணிச் சட்டியைத் திறந்தாலே என் கணவர் ஹமீது தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்.

"எல்லாரும் வாங்கிக்கங்க. என் எழுத்து வர்றதுக்குச் செத்த நேரமாகும்."