கல்லு சாரும் அண்ணனின் திராட்சைத் தோட்டமும்

தேனி மாவட்டத்திலேயே, பெய்கிற மழையைத் திரும்பிக்கூடப் பார்க்காத மழை நிபுணர் கல்லு சார் ஒருவர்தான். சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். கொடியில் காயும் அவர் வேட்டி கண்ணெதிரே நனையும். மனிதர் எழுந்திருக்க மாட்டார்.

மலைக்குகையின் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் விட்டுப்போகும் சுண்ணாம்பு, அடுக்கடுக்காகக் கல்லாக வளருமாம். அடுக்கைச் சுரண்டி, அதிலுள்ள ஆக்சிஜனைச் சோதித்தால் அந்தக் காலத்து மழை தெரிந்துவிடுமாம். அப்படியொரு கல்லை அனுமதி வாங்கி எடுத்துவந்தவர், பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

டீக்கடைக்காரர் ஒருநாள் வாயைக் கொடுத்தார்.

"சார், இன்னைக்கு மழை வருமா?"

"தெரியாதுங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடின்னா கேளுங்க."

"அதை வச்சு நான் என்னத்த சார் செய்ய?"

கல்லைப் பழித்துவிட்டார் என்று சார் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார்.

இது என் அண்ணன் காதில் விழுந்ததுதான் வினை. இளவயதில் அண்ணன் அப்பாவோடு மல்லுக்கட்டித் தென்னையை வெட்டித் திராட்சை போட்டார். மூன்றே வருடத்தில் கொடியெல்லாம் கருகியது. மழை பொய்த்தது என்றார் அண்ணன். "ஊருக்கெல்லாம் பேஞ்ச மழை ஒனக்கு மட்டும் பேயலையாடா? தூங்கிக் கெடுத்துட்ட" என்று சாகும்வரை சொன்னார் அப்பா. அதற்குப் பிறகு அண்ணன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சார், அந்த மூணு வருசம் மழை இல்லைன்னு உங்க கல்லு சொல்லுமா?"

"சொல்லும். கல்லு மறக்காதுங்க."

சோதனை முடிவு வர நான்கு மாதம் ஆனது. தினமும் காலையில் அண்ணன் மாடிப்படியில் நின்று, "வந்துருச்சா சார்?" என்பார். வந்த அன்று நான் மாடியில் இருந்தேன். கல்லு சார் தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"மூணு வருஷமும் நல்ல மழைங்க" என்றார் மெதுவாக.

படியில் அண்ணன் ஏறிவரும் சத்தம் கேட்டது. சார் தாளை மடித்துக் கல்லுக்கு அடியில் தள்ளினார்.

"என்ன சார் சொல்லுது?"

"அந்த மூணு வருஷத்துக்கு மட்டும் இதை நம்ப முடியாதுங்க. மட்டமான கல்லு. அங்க கெட்டுப்போயிருக்கு."

"அப்ப மழை பேஞ்சுச்சுன்னும் சொல்லலையே?"

"சொல்லலைங்க."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். "சாருக்கே தெரியலையாம்" என்று அண்ணியிடம் சொல்வது மேலே கேட்டது. சார் கல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் அவர் ஊரைக் காலி செய்தார். கல்லைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் உண்மையைத்தான் எழுதியிருப்பார். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. பஸ் ஏற்றிவிடப் போன நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் விட மனம் வரவில்லை.