முந்திரிக்கொட்டை அக்கா

வாடகைக்கு வீடில்லை என்று கதவைச் சாத்தியவனிடமே சாவி வாங்கியவள். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, துணிக்கடைக் கல்லாவில் நின்றபடியே இந்த ஊர்ப் பாஷையை வசவில் தொடங்கி மரியாதைவரை கற்றவள். தன் பார்சலைத் தொலைத்த தபால் ஆபீஸ்காரரை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வைத்தவள். இத்தனையும் ஜெயித்த ரகத்துக்கு ஒரு பெயர் உண்டு: முந்திரிக்கொட்டை அக்கா. பிழைக்க வந்த குடும்பங்களில் முதலில் வந்து சேர்ந்தவர் யாரோ, அவரே இந்த ரகம். ஆணிலும் உண்டு. அண்ணன் என்பார்கள்.

இந்த ரகத்தின் கொள்கை வெகு கண்டிப்பானது.

“வந்த ஊர் பாஷை தெரியாம எப்படி இருக்க முடியும்? கத்துக்காதவங்கள உள்ளயே விடக்கூடாதுன்னு சட்டம் போடணும்!”

யாரிடம் சொல்கிறாள்? பின்னால் வந்த தங்கையிடம். சரி, கற்றுக்கொள்வோம் என்று தங்கை வாயைத் திறந்தால்?

“நீ சும்மா இருடி. நான் பேசிக்கிறேன்.”

தங்கைக்குப் பல்வலி வந்தது. எந்தப் பல் என்று டாக்டர் கேட்டார். அக்கா தன் வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லையே தொட்டுக் காட்டினாள். டாக்டர் விளக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டார். தங்கை வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு மட்டும் அக்காவை உள்ளே விடுவதில்லை. அங்கே தங்கை யாரோடு எப்படிச் சமாளிக்கிறாள் என்பது அக்காவின் தீராத கவலை.

இந்த நிலையில் தங்கைக்கு இந்த ஊர்ப் பாஷையில் பேச்சுப் பரீட்சை வந்தது. தேறினால் இங்கேயே தங்கலாம். துணைக்கு வருகிறவர் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. அதிகாரி பெயர் கேட்டார். பின்னாலிருந்து பதில் வந்தது. வேலை கேட்டார், வந்தது. குழந்தைகள் உண்டா என்றார்.

“ஒரே பொண்ணு சார். கணக்குல புலி!”

அதிகாரி பேனாவை மூடினார். “பரீட்சை உங்களுக்காம்மா?”

“எனக்கெதுக்கு சார்? எனக்குத்தான் நல்லா வருமே!”

தங்கை தவறினாள். மறுபடியும் தவறினால் அனுமதி முடிந்து, மகளோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இரண்டாம் முறை, வாசலிலேயே தங்கை நின்றுவிட்டாள். “அக்கா, நீ வெளியில இரு.”

“நான் இல்லாம நீ என்னத்தடி பேசுவே?”

“தெரியலக்கா. ஆனா நான்தான் பேசணும்.”

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே கேட்கும் கேள்வி ஒன்றும் காதில் விழவில்லை. ஆனாலும் அக்காவின் உதடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

“யாரோட பேசறீங்க?” என்றார் காவலாளி.

“உள்ள இருக்கா என் தங்கச்சி. அவளுக்காக.”

உள்ளே தங்கை, சலவைக்கூடத்தில் செய்வதுபோல், கையில் இல்லாத ஒரு படுக்கை விரிப்பை உதறி நாலாக மடித்துக் காட்டினாள். அதிகாரி சிரித்தார். எதற்குச் சிரிக்கிறான்? இவள் என்ன சொல்லித் தொலைத்தாள்? பிறகு தங்கை ஒரு சொல்லைத் தேடி நின்றாள். கண்ணாடியைத் தட்ட அக்காவின் கை போயிற்று.

அதிகாரி காத்திருந்தார். சும்மா, கையைக் கட்டிக்கொண்டு. தங்கைக்காக ஒரு மனிதர் காத்திருப்பதை அக்கா அன்றுதான் பார்த்தாள். போன கையை மெல்ல இறக்கினாள். சொல் தங்கைக்கு வந்துவிட்டது.

சிரித்தீர்கள் அல்லவா? ஊருக்குப் புதிதாய் வந்த ஒருவர் மருந்துக்கடையில் உங்கள் முன்னால் ஒரு சொல்லுக்குத் தவிக்கும்போது, நீங்கள் எத்தனை விநாடி பொறுப்பீர்கள்? எண்ணிப் பாருங்கள். மூன்றைத் தாண்டாவிட்டால், அக்காவுக்கு நீங்கள் சொந்தம்தான்.

காவலாளி கதவைத் திறந்தார். தேறியவர் போடும் கையெழுத்துக்காக மேஜைமேல் தாள் இருந்தது. பழக்கதோஷத்தில் அக்கா பேனாவுக்குக் கை நீட்ட, அதிகாரி அதைத் தங்கையிடம் கொடுத்தார். இந்த ஊர் எழுத்தில் முதன்முதலாகத் தன் பெயரைத் தங்கை எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது.

“தேதி?” என்றார் அதிகாரி.

தங்கை யோசித்தாள். அக்கா இரு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. தங்கை குனிந்து, தானே எழுதினாள்: மார்ச் 14, 2019.