சாகமாட்டேன் என்ற பனிவண்டி

ஈஸ்டருக்குள் அந்தப் பனிவண்டி செத்தாக வேண்டும் என்று வெய்க்கோ தீர்மானித்தார்.

கொலை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தை அவருக்கே பிடிக்காது. இயற்கை மரணம், அவ்வளவுதான். வண்டிக்கும் வயதாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் பின்னால் கிளம்பும் நீலப் புகையைப் பார்த்து, ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்கள் "வெய்க்கோ வர்றாரு" என்று காபிக்குத் தண்ணீர் வைப்பார்கள். வழியில் நிற்கும் கலைமான்கள் மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

ஆனால் அது மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த வண்டி. ஐலாவிடம் அதைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. வெய்க்கோ திறந்து பார்த்தார். பக்கத்து வீட்டு தௌனோ காபி குடிக்க வந்திருந்த நாள் பார்த்து, ஆள் பலத்தோடு திறந்தார்.

"ஐலா, புதுசு ஒண்ணு வாங்கலாமே."

"ஏன், இது ஓடலியா?"

"இதுக்குப் பேரு ஓடறதா? இருமிக்கிட்டே போகுது."

"நீயும்தான் இருமறே. உன்னை மாத்திட்டேனா?"

தௌனோவுக்குக் காபி புரையேறியது. ஆள் பலம் அந்த லட்சணத்தில் இருந்தது.

"எதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல? இன்னும் எத்தனை காலம் இதையே கட்டிக்கிட்டு அழறது?"

"சரி, ஒண்ணு பண்ணலாம்" என்றாள் ஐலா. "இந்த இன்ஜின் என்னிக்கு இறுகிப் பிடிச்சு அடியோட நிக்குதோ, அன்னிக்கே உனக்குப் புது வண்டி. என் வாக்கு. தௌனோ, நீதான் சாட்சி."

ஐலா வாக்கு மாறாதவள் என்பது இனாரி ஏரிக்கரை முழுவதும் தெரிந்த சங்கதி. வெய்க்கோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

புது வண்டி ஆசைக்கு விதை போட்டதே தௌனோதான். இந்தக் குளிர்காலத்தில் ஒன்று வாங்கியிருந்தான். கறுப்பு நிறம், பளபளவென்று. கைப்பிடி சூடாகும். சீட்டும் சூடாகும். முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. அதை வாசலில் நிறுத்திவைத்து உறுமவிட்டு, வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பான்.

"வெய்க்கோ, கையைக் கொண்டா. சும்மா தொட்டுப் பாரு. எப்படி?"

"சூடா இருக்கு."

"சூடா? இது வண்டியே இல்லடா. வீடு!"

வெய்க்கோவுக்குக் கை சுட்டதோ இல்லையோ, வயிறு நன்றாகவே எரிந்தது.

ஆகவே திட்டம். இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு குட்டி பம்ப் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு கேபிள் அந்த பம்பின் நெம்புகோலையும் சேர்த்து இழுக்கும். நெம்புகோலில் ஒரு கோடு, பம்ப் உடம்பில் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் நின்றால் சுகம். நெம்புகோல் கோட்டைத் தாண்டிப் போனால் ஆயில் அதிகம், புகை. பின்தங்கினால் ஆயில் குறைவு. பிஸ்டன் காய்ந்து, கொதித்து, சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். சுத்தியல் வேண்டாம், சத்தம் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்.

இதை யோசித்தபோது தன் மூளையை நினைத்து வெய்க்கோவுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஐலா கண்டுபிடிப்பாளோ என்ற சந்தேகம் அவருக்கு வரவில்லை. அவளுடைய அப்பா படகு இன்ஜின் பழுது பார்த்தவர் என்பது உண்மைதான். அவர் குனிந்து வேலை பார்க்கையில் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள்தான் ஐலா. விளக்குப் பிடித்தவளுக்கு விளக்கைப் பற்றித்தான் தெரியும் என்பது வெய்க்கோவின் கட்சி.

ஒரு மத்தியானம், அவள் ரொட்டி சுடுகிற நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்தார். பானெட்டைத் திறந்தார். அந்தக் கோடுகள் மயிரிழை மாதிரி இருக்கும். பார்க்க வேண்டுமானால் கண்ணாடி போட வேண்டும். வெய்க்கோ கண்ணாடி போடமாட்டார். "எனக்கெதுக்குக் கண்ணாடி? என் விரலுக்கே கண்ணிருக்கு" என்பார். விரலாலேயே நட்டைத் தேடிப் பிடித்து, ரெண்டு சுற்று தளர்த்திவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து சூடாக ஏலக்காய் ரொட்டி சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் வாசலிலிருந்து ஐலாவின் குரல்.

"வெய்க்கோ! ஓடி வா! வண்டியைப் பாரேன்!"

அதற்குள்ளாகவா? ஒரு கால் பூட்ஸும் ஒரு கால் காலுறையுமாக ஓடினார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. புகையைத்தான் காணோம்.

"பொட்டுப் புகை இல்லை! என்ன மாயம் பண்ணினே?"

ஆயில் குறைந்துவிட்டது, புகை நின்றுவிட்டது, இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று வெய்க்கோ உள்ளுக்குள் துள்ளினார். வெளியே, "சும்மா... லேசா தட்டிக் கொட்டி வெச்சேன்" என்றார்.

"தட்டிக் கொட்டினதுக்கே இப்படியா! உன் கையே கைதான்!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. தான் கொலைகாரன் என்பதை மறந்து வெய்க்கோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அடுத்த வேலை, வண்டி சாகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது. உறைந்து கிடக்கும் ஏரியின் நடுவில் செத்தால் இந்தக் குளிரில் ஓட்டுகிறவனும் கூடவே போக வேண்டியதுதான். அதனால் கரையோரமாகவே, வீட்டுக்கு நடந்து வருகிற தூரத்தில், முழு வேகத்தில் வட்டமடித்தார். காலையில் வட்டம், மாலையில் வட்டம்.

"என்னடா வெய்க்கோ, செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கே?" என்றான் தௌனோ.

"சோதனை ஓட்டம்டா."

"எதைச் சோதிக்கறே? வண்டியையா, எங்க பொறுமையையா?"

வண்டி சாகவில்லை. மேலும் ரெண்டு சுற்று தளர்த்தினார். சத்தம் இன்னும் இனிமையானது. அப்புறமும் ரெண்டு. குளிர்ந்த காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. திரும்பவும் ரெண்டு. கணக்குப் பார்த்தால் அந்த நட் எப்போதோ கழன்று பனிக்குள் விழுந்திருக்க வேண்டும். வெய்க்கோ கணக்குப் பார்க்கவில்லை. ஜெயிக்கப் போகிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

இதற்குள் ஐலா கடையிலும் சர்ச்சிலும் புருஷனின் கைராசியைப் பற்றிப் பேசிப் பேசி, ஊரே அவரை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. "வெய்க்கோ, எங்க வண்டியும் புகையுது, ஒரு நாள் வந்து உங்க கையால தொட்டுட்டுப் போங்களேன்" என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். நல்ல வைத்தியர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, நோயாளிதான் சாகமாட்டேன் என்கிறது.

இப்படி இருக்கையில் ஒரு காலை. நல்ல வெயில், மைனஸ் இருபத்தைந்து. கடைக்குப் போய்விட்டு வந்த வெய்க்கோ முற்றத்தைப் பார்த்தார். வண்டி இல்லை. வீட்டுக்குள் ஐலாவும் இல்லை.

"தௌனோ! ஐலா எங்கேடா?"

"அவளோட அக்கா இங்கேரியைப் பார்க்கப் போறேன்னு கிளம்பிட்டாளே. ஏரிக்குக் குறுக்கே."

"எதுல?"

"எதுலயா? உங்க வண்டியிலதான். நீதான் புதுசு மாதிரி ஆக்கிட்டியாமே!"

வெய்க்கோவின் கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்தது. உள்ளே ஓடி ஐலாவுக்குப் போன் போட்டார். போன் சமையல் மேஜைமேல் கிடந்து அடித்தது. நடு ஏரி, ஆள் நடமாட்டமில்லாத பனி, செத்துப்போன இன்ஜின், பக்கத்தில் தன்னந்தனியாக ஐலா. சூடான கைப்பிடியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அவள் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது வெய்க்கோவுக்கு.

"சாவியைக் கொடு!"

"எதுக்கு? இன்னிக்கு வேணாமே..." தௌனோ இழுத்தான். "குளிர் ஜாஸ்தியா இருக்கு. வண்டிக்கு ஒத்துக்காது..."

"வீடு வீடுன்னியே! வீட்டுக்கென்னடா குளிர்?" சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கறுப்பு வண்டி அம்பாகப் பறந்தது. கைப்பிடி இதமாகச் சுட்டது. இத்தனை நாள் கனவு கண்ட சூடு. அனுபவிக்கத்தான் மனசில்லை. வழியெல்லாம் தன் பழைய வண்டியைத்தான் கெஞ்சிக்கொண்டு போனார். "இன்னிக்கு மட்டும் செத்துடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும். இவ்வளவு நாள் அடம் பிடிச்சேல்ல, இன்னும் ஒரே ஒரு நாள் பிடி."

பாதி ஏரி தாண்டியதும் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று எழுத்து ஓடியது. இன்ஜின் மூச்சு விடாமல் நின்றுவிட்டது.

சர்வீஸ் சென்டர் அடுத்த ஜில்லாவில் இருந்தது. வெய்க்கோ பானெட்டைத் திறந்தார். உள்ளே எல்லாம் கறுப்புப் பெட்டி. கோடு இல்லை, கேபிள் இல்லை, திருக ஒரு நட் இல்லை. ஒரு வண்டியைக் கொல்லத் திட்டம் போட்ட மனுஷனுக்கு, இதைப் பிழைக்கவைக்கத் தெரியவில்லை. கைப்பிடி மெல்ல ஆறி, ஐஸ் ஆனது.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அவருக்குத் தாலாட்டு மாதிரி பழகிப்போன சத்தம். பொட்டுப் புகை இல்லாமல் வந்து நின்றது பழைய வண்டி. மேலே ஐலா.

"ஐலா! இறங்கு! சீக்கிரம் இறங்கு! இன்ஜினை நிறுத்து!"

"நிறுத்திட்டா உன்னை யாரு இழுக்கறது?"

"ஐயோ, உனக்குத் தெரியாது! நான்தான்... பம்பை... புது வண்டிக்கு ஆசைப்பட்டு..." வெய்க்கோ அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நட்டு, ரெண்டு சுற்று, வட்டமடித்தது, எதையும் விடவில்லை.

ஐலா கேட்டு முடித்து, பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். "இந்தா, காபி. மூக்கு சிவந்து போச்சு பாரு."

"உனக்குக் கோபம் வரலியா?"

"முதல் நாளே தெரியும்."

"எப்படி?"

"கொட்டகையிலேர்ந்து விசிலடிச்சுக்கிட்டு வந்தே. நிஜமா வேலை பார்த்திருந்தா முனகிக்கிட்டுல்ல வருவே? என்னமோ இருக்குன்னு போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷமும் கோடு தாண்டித்தான் இருந்திருக்கு போல, அதான் அந்தப் புகை. நீ கோட்டுக்கு இந்தப் பக்கம் வர்ற அளவுக்கு ஒரேயடியா தளர்த்தி விட்டிருந்தே. நான் ரெண்டு கோட்டையும் நேரா நிறுத்தினேன். நீ திரும்பத் தளர்த்தினே. நான் திரும்ப நிறுத்தினேன். உனக்கும் அலுக்கலை, எனக்கும் அலுக்கலை."

"அப்போ என் கைராசி...?"

"கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு தடவையாவது அந்தக் கோட்டைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வெய்க்கோ காபியைக் குடித்தார். வேறு என்ன செய்ய முடியும்? ஐலா ஒரு கயிற்றை எடுத்து கறுப்பு வண்டியின் மூக்கில் மாட்டினாள். பழகிய கையாகத் தெரிந்தது.

"கயிறு எப்படிக் கையோட வெச்சிருக்கே?"

"இந்த வண்டியை நான் இழுக்கறது இது மூணாவது தடவை. வெளியில சொல்லிடாதேன்னு தௌனோ கையைப் பிடிச்சுக் கெஞ்சினான், பாவம்."

பழசு புதுசை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. தௌனோ வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான். மூன்று பேருமாக ஐலாவின் சமையலறையில் உட்கார்ந்தார்கள். அடுப்புச் சூட்டில் உடம்பு இளகியதும் வெய்க்கோவுக்கு மனசும் இளகிவிட்டது.

"ஐலா, நீ முழுசா வந்து சேர்ந்தியே, அதுவே எனக்குப் போதும். இனிமே புது வண்டின்னு நான் வாயைத் திறந்தா என்னைச் செருப்பால அடி. எனக்கு வேண்டவே வேண்டாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? தௌனோ, நீதான் சாட்சி!"

"சாட்சி" என்றான் தௌனோ, ரொட்டி நிறைந்த வாயோடு.

ஐலா மேஜைமேல் கிடந்த போனை எடுத்தாள்.

"இங்கேரியா? ஆங், வந்து சேர்ந்துட்டேன். அக்கா, காலையில பேசி முடிச்சோமே, அத்தானோட சிவப்பு வண்டி... ஆமா, அதேதான், சூடான கைப்பிடி வெச்சது, ஒரு நாள் கூட வழியில நிக்காத வண்டி... அது வேண்டாமாம். ஆமா, இவரே சொல்லிட்டாரு, சாட்சி வேற வெச்சு. பாவம், ஒரு இன்ஜினைக் கொல்ல மனுஷன் இவ்வளவு பாடுபடறாரேன்னு பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாம்னு நான்தான் நெனைச்சேன்... சரி விடு, வேற ஏதாவது வாங்கிக்கறேன்."

வெய்க்கோ வாயைத் திறந்தார். எதிரே சாட்சி ரொட்டி மென்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"வேற என்னவா?" ஐலா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணாடிதான்."