எடை போட்டுச் சராசரி எடுப்பவர்

மனிதர்களில் சராசரிக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். தம் அபிப்பிராயத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். ஊரார் அபிப்பிராயங்களையெல்லாம் கேட்டு, கொப்பியில் எழுதி, இன்னாருக்கு இவ்வளவு என்று எடை போட்டு, பெருக்கி, கூட்டி, வகுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசியில் அவர் அறிவிக்கும் முடிவு, காலையில் எழும்பும்போதே அவர் நினைத்திருந்த முடிவாக இருக்கும். தற்செயல்தான். ஒவ்வொரு முறையும் தற்செயல்தான்!

ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த யேசுரட்ணத்தார் இந்த இனத்தின் அசல் மாதிரி. வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் கிளாக்கராக இருந்தவர். மீன்குழம்புக்கு உப்புக் காணுமா என்பதற்கே வீட்டில் கொப்பி திறப்பார். மனைவி றீற்றாவும் இரண்டு மகள்மாரும் காணும் என்றால் அவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, தமக்கு ஐந்து.

"சராசரியாப் பாத்தா உப்புக் குறைவு."

"உப்புப் போத்தல் உங்கட கைக்குக் கிட்டத்தான் கிடக்கு" என்பார் றீற்றா.

வீட்டோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அவர் எங்கள் வாசிகசாலையின் தலைவர். நான் செயலாளர், அதாவது அவர் வகுப்பதை எழுதுகிறவன். அறுபத்தெட்டாம் ஆண்டில் சனிக்கிழமைக் காலைக் கணக்கு வகுப்புக்கு ஆள் தேடினோம். விண்ணப்பித்தவர் ஒருவரே, மூதூர் ஜெமீலா. படித்து முடித்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்த பெண். "இதுவும் கிடைக்காட்டி இனி வெளியில போற கதை வேணாம்" என்று வாப்பா சொல்லிவிட்டாராம். மூதூரிலிருந்து கடல் தாண்டி லோஞ்சுப் படகில் வருகிறவர்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்பது தலைவரின் எண்ணம். சொன்னாரா? சொல்வாரா?

வாசிகசாலைக் குழுவினர் மூவர் புள்ளி போட, நேர்முகம் நடந்தது. சராசரி அறுபது எடுத்தால் வேலை. சிவகுருநாதன் மாஸ்டர் அறுபத்தொன்று போட்டார், சிறில் அறுபத்து மூன்று, கடைக்கார முனாப் எழுபது. தலைவர் கொப்பியைத் திறந்தார். மாஸ்டர் படித்தவர், ஆகவே அவருடைய புள்ளி இரண்டு தரம். சிறிலுடையது ஒரு தரம். முனாப்போ மூதூர்க்காரர், ஊர்ப்பாசம் உள்ளவர், ஆகவே அவர் போட்டதைக் கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும்! கழித்து, எஞ்சியதை இரண்டால் வகுத்து, கண்ணாடியைத் துடைத்தார்.

"ஐம்பத்தேழரை. மன வருத்தந்தான் பிள்ளை. ஆனா கணக்குப் பொய் சொல்லாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஐம்பத்தேழரை என்று எழுதினேன். செயலாளர் வேறென்ன செய்வது?

ஜெமீலா எழும்பவில்லை. முந்தானையைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

"சேர், எனக்கு அறுபதுக்குக் குறையப் போட்டது ஆரு?"

மாஸ்டர் சிறிலைப் பார்த்தார். சிறில் முனாப்பைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல" என்றார் முனாப்.

"மூணு பேரும் அறுபதுக்கு மேல போட்டா, சராசரி எப்பிடி அறுபதுக்குக் கீழ இறங்கும்? ஆருக்கும் எவ்வளவு எடையும் போடுங்க சேர், ஒண்டு, ஒம்பது, உங்கட விருப்பம். சராசரி ஆகக் குறைஞ்சதுக்கும் ஆகக் கூடினதுக்கும் நடுவிலதான் நிக்க வேணும். ஒரு ஆளைக் கூட்டாமக் கழிச்சா அதுக்குப் பேர் சராசரி இல்ல."

சிறில் சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார், ஏலவில்லை. யேசுரட்ணத்தார் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"சரி, பிள்ளை சொல்லுறதுக்கும் நான் சொல்லுறதுக்கும் நடுவில ஒண்டு எடுப்பம்."

"ஓம் சேர், எடுப்பம். எடையை மட்டும் நான் போடுறன்."

ஐம்பத்தேழரையை வெட்டி, 'நியமிக்கப்பட்டார்' என்று எழுதினேன். அன்றைக்குப் போல ஆசையாக நான் கூட்டக் குறிப்பு எழுதியதே இல்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தீர்களே? மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் மட்டும் நல்ல இடம் என்றார். நீங்களோ வீட்டுக்கு வந்து, "விசாரிச்சுப் பாத்தன், நல்ல இடமாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். அந்த மூன்று பேருக்கும் எவ்வளவு எடை போட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

மகளுக்கு எவ்வளவு போட்டீர்கள்?