கோட்டுக்குப் பயந்த வயிற்றுவலி

இனி என் ஆயுளில் கோட்டுப் போடுவதில்லை என்று தீர்மானம் எடுத்தவன் நான். அவசரத்தில் எடுத்த தீர்மானம் அல்ல. என் மகளின் கல்யாண வரவேற்பில் கோட்டும் சூட்டுமாக மேடையிலிருந்து இறங்கி நாலடி நடப்பதற்குள் மூன்று பேர் என்னிடம் ஏ.சி.யைக் கூட்டி வைக்கச் சொன்னார்கள். மண்டபத்து மேனேஜர் என்று நினைத்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் போய்க் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ‘நான் பெண்ணுக்கு அப்பா’ என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? பல நாள் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க என் குணத்தைப் பற்றி வேண்டாத சந்தேகங்கள் எல்லாம் வந்தன. கடைசியில், பழியைக் கோட்டின் மேல் போடுவதே எல்லோருக்கும் நல்லது என்று முடிவு செய்தேன்.

அப்படி இருந்தவனை, முப்பதாவது கல்யாண நாள் என்று சொல்லி அதே மகள் கப்பலில் ஏற்றிவிட ஏற்பாடு செய்தாள். ஏழு நாள். வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டியது, கடலைப் பார்க்க வேண்டியது, மறுபடி சாப்பிட வேண்டியது. எனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று சந்தோஷப்பட்டேன்.

டிக்கெட்டோடு வந்த புத்தகத்தை என் மனைவி படித்தாள். அவள் நாலாம் வகுப்பு டீச்சர். எதையும் சத்தமாகத்தான் படிப்பாள். நடுநடுவே நிறுத்தி, எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பாள்.

“ரெண்டாவது நாளும் ஆறாவது நாளும் ஃபார்மல் நைட். அன்னிக்குச் சாயங்காலம் பெரிய டைனிங் ஹாலுக்கு ஆம்பளைங்க கோட்டு, டை எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வரணுமாம். புரிஞ்சுதா?”

“போடலைன்னா?”

“உள்ள விடமாட்டாங்க.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. மேல்தளத்துல தட்டை எடுத்துக்கிட்டுப் போய் நாமே போட்டுச் சாப்பிடற இடம் ஒண்ணு இருக்குன்னு போட்டிருக்கு பாரு. நான் அங்க போயிடறேன்.”

அவள் புத்தகத்தை மூடினாள். டீச்சர் புத்தகத்தை மூடினால் பாடம் முடிந்தது என்று அர்த்தமல்ல. கேள்வி ஆரம்பம் என்று அர்த்தம்.

“நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒழுங்கா ஒரு போட்டோ இருக்கா?”

“கல்யாண போட்டோ இருக்கே.”

“அதுல நீங்க தும்மறீங்க.”

“இருபத்தஞ்சாவது வருஷத்துல எடுத்தது?”

“அதுல கண்ணை மூடிக்கிட்டு நிக்கறீங்க. பார்க்கறவங்க என்கிட்ட துக்கம் விசாரிக்கறாங்க. ஃபார்மல் நைட் அன்னிக்குப் பெரிய படிக்கட்டுல நிக்க வெச்சு ஜோடி ஜோடியா எடுப்பாங்களாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்.”

“முகம்தானே வேணும்? கோட்டு எதுக்கு?”

“முகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு முப்பது வருஷம் ஓட்டியாச்சு. சுத்தி வேற ஏதாவது இருந்தா பார்க்க நல்லா இருக்கும்.”

மறுநாளே தையல்காரர் முன்னால் நின்றேன். அவர் என் இடுப்பை அளந்தார். டேப்பைப் பார்த்தார். டேப் பழுதாகிவிட்டதோ என்று இழுத்துப் பார்த்தார்.

“மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கீங்களா சார்?”

“இல்லையே” என்றேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

“விட்டதுக்கு அப்புறம் என்ன அளவு வருதோ அதுக்கே தைங்க” என்றாள் மனைவி. “சாப்பிடப் போற இடம். நடுவுல எப்படியும் ரெண்டு தடவை மூச்சு விடுவாரு.”

கோட்டு தயாராகி, பெட்டியில் ஏறி, எனக்கு முன்னால் கப்பலுக்குப் போய்விட்டது. ஆனால் நான் தீர்மானத்தைக் கைவிடவில்லை. என் தொழில் அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது நிஜமான சேதம், எது ஓரமாக நின்று தானே சேர்ந்துகொண்ட சேதம் என்று பிரித்து எழுதுகிறவன். முப்பது வருடமாகப் பொய் கேட்டே சம்பாதிக்கிறேன். ஒரு நல்ல பொய்யை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் அறை கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னலின் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மனைவி பட்டுப்புடவையை எடுத்துக் கட்டில் மேல் வைத்து, பக்கத்தில் என் கோட்டையும் வைத்தாள். அவை இரண்டும் எங்களைவிட ஒற்றுமையாகத் தெரிந்தன.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. மத்தியானத்துலேர்ந்தே ஒரு மாதிரி இருக்கு. நீ கவலைப்படாதே. நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா.”

“வலி எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்.”

“எத்தனை தடவை போச்சு?”

இங்கேதான் என் தொழில் அறிவைக் காட்டினேன். பொய் சொல்கிறவர்கள் அஞ்சு, பத்து என்று முழுசாகச் சொல்வார்கள். நிஜம் எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

“ஏழு தடவை” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாகப் பரீட்சை நாள் வயிற்றுவலிகளைப் பார்த்த கண்கள் அவை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அவள் குரல் ரொம்பவும் கனிந்திருந்தது. அதிலாவது சுதாரித்திருக்க வேண்டும்.

“அடடா, ஏழு தடவையா! பாவம். இருங்க” என்று போனை எடுத்தாள்.

“யாருக்குப் பண்றே?”

“கப்பல் டாக்டருக்கு.”

“டாக்டர் எல்லாம் எதுக்கு? படுத்தாச் சரியாப் போயிடும்.”

“உங்களுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா?”

பத்தே நிமிடத்தில் முகமூடி, கையுறையோடு ஒரு நர்ஸ் வந்து நின்றாள். மனைவியே பதில் சொன்னாள். “ஏழு தடவை சிஸ்டர். அவரே எண்ணியிருக்காரு.”

“மூணுக்கு மேல போனாலே இங்க விதி இருக்கு மேடம். கப்பல்ல வயித்து நோய் ஒருத்தர்கிட்டேர்ந்து எல்லாருக்கும் பரவிடும். சார் நாற்பத்தெட்டு மணி நேரம் இந்த ரூமை விட்டு வெளியே வரக்கூடாது.”

“நாற்பத்தெட்டா?” நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“எழுந்திருக்காதீங்க சார். மேடம், நீங்க இவரோட இருக்க வேண்டாம். வேற ரூம் தர்றோம். இப்போதைக்குக் காலியா இருக்கறது மேல்தளத்துல பால்கனி வெச்ச ரூம்தான். பரவாயில்லையா?”

“என்ன பண்றது சிஸ்டர்” என்று பெருமூச்சு விட்டாள் என் மனைவி. “சமாளிச்சுக்கறேன்.”

புடவையை எடுத்துக்கொண்டு போனாள். கோட்டு மட்டும் கட்டிலில் என் பக்கத்தில் கிடந்தது. அவள் படுக்கிற பக்கம். அதன் கை என் மேல் பட்டது. தள்ளிவைத்தேன்.

இரவுச் சாப்பாடு வந்தது. சரியாகச் சொன்னால், வரவில்லை. எட்டரை மணிக்குப் போன் அடித்தது.

“சாப்டீங்களா?”

“ரெண்டு காஞ்ச ரொட்டி. ஒரு சூப். சூப்புல உப்பு இல்ல. நல்லாத் தேடிப் பார்த்தேன், சூப்பும் இல்ல.”

“வயித்துக்கு அதுதான் நல்லது. இங்க அஞ்சு வகை வெச்சாங்க...”

“நான் கேட்டேனா?”

“அப்புறம் ஐஸ்கிரீம்.”

“கேட்டேனாங்கறேன்.”

“நம்ம மேஜைக்கு ஒரு பல் டாக்டரும் அவர் சம்சாரமும் வந்தாங்க. உங்களைப் பத்தி ரொம்ப விசாரிச்சாங்க.”

“அந்த ஆளு கோட்டு போட்டிருந்தானா?”

“போட்டிருந்தார். பட்டன்தான் போட முடியலை. மூச்சு வாங்கிச்சு. ஆனா வந்திருந்தார்.”

அந்த ‘ஆனா’வை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னாளோ என்று யோசித்தேன்.

“சரி, போட்டோ எடுத்துக்கிட்டியா?”



“எல்லாரும் ஜோடியா நின்னாங்க. நான் தனியா நின்னா ஒரு மாதிரி இருக்கும்னு வந்துட்டேன். சரி, வெச்சுடவா? பால்கனியில காத்து நல்லா வருது.”

போனை வைத்த பிறகு ஜன்னல் படத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்பதில் சந்தேகமில்லை. கோட்டுப் போடவில்லை. ஆனாலும் ஜெயித்தவன் உப்பில்லாத வெந்நீரைக் குடித்துக்கொண்டு அறைக்குள் கிடக்கிறான், தோற்றவள் பால்கனியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்குகிறாள். எங்கேயோ கணக்கு உதைத்தது. அதைவிட, படிக்கட்டு அருகில் பட்டுப்புடவையோடு போய்விட்டுத் திரும்பிய ஒருத்தி கண்ணெதிரே வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்றாள். நான் கெட்டவனா, அல்லது வெறும் சோம்பேறியா? விடியும்வரை விவாதித்தேன். இரண்டுக்கும் சம ஓட்டு விழுந்தது.

காலையில் நர்ஸ் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“சிஸ்டர், எனக்கு வயித்துவலி எதுவும் இல்ல. நான் சொன்னது பொய்.”

“ரெண்டாம் நாள் எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க.”

“நிஜமாவே பொய் சிஸ்டர்.”

“நிஜமாவே பொய்யா, பொய்யாவே நிஜமா? தெளிவாச் சொல்லுங்க, எழுதிக்கணும்.”

“ஏழு தடவைன்னேனே, ஒரு தடவைகூடப் போகலை.”

“ஒரு தடவைகூடவா? அதுவும் நல்லதில்லையே சார்” என்று கவலையோடு எழுதிக்கொண்டு போனாள்.

போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அது எனக்குப் பழக்கமானது. ‘வண்டி தானே போய் மரத்துல இடிச்சுது சார்’ என்று சொல்கிறவர்களை நான் பார்க்கும் பார்வை. முப்பது வருடமாக எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பேன்! அவர்களில் சிலர் உண்மையைச் சொல்லியிருப்பார்களோ? இதையெல்லாம் குளியலறையில் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் சிந்தித்தேன்.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. காய்ந்த ரொட்டி மட்டும் வந்தது. போனை எடுத்தேன். எனக்கு ஒரு சாட்சி தேவை. உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு.

“நான்தான்.”

“சொல்லுங்க. வலி எப்படி இருக்கு?”

“வலியே இல்ல.”

“குறைஞ்சிடுச்சா?”

“வரவே இல்ல.”

“ஓஹோ. அப்ப நேத்து வந்தது?”

“நேத்தும் வரலை. எல்லாம் கோட்டுக்காகச் சொன்னது. போதுமா? நீ டாக்டர்கிட்ட வந்து, இவர் பொய் சொல்றவர்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுடுவாங்க.”

“கட்டின புருஷனைப் பத்தி நாலு பேருக்கு முன்னால அப்படிச் சொல்லலாமா?”

“சொல்லு. நானே சொல்றேன், சொல்லு.”

“வாயால சொன்னாப் போதாது. எழுதிக் குடுங்க.”

எழுதினேன். ‘நான் பொய் சொன்னேன். எனக்கு வயிற்றுவலி இல்லை. ஆறாம் நாள் கோட்டு, டை போட்டுக்கொண்டு படிக்கட்டில் நிற்பேன். தும்ம மாட்டேன். கண்ணை மூட மாட்டேன்.’ கையெழுத்துப் போட்டேன். அவள் வந்து கதவைத் தட்டியதும் கதவுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு நிமிடத்தில் காகிதம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். ‘முனக மாட்டேன் – சேர்க்கவும். கையெழுத்து அழகாக இல்லை.’

சேர்த்தேன். அழகாகவும் போட்டேன்.

சரியாக ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“வாங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன். விட்டுட்டாங்க.”

எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது. இன்னும் இருபத்தைந்து மணி நேரச் சிறை பாக்கி இருந்தது. ஒரு கோட்டைக் கொடுத்து அதிலிருந்து விடுதலை வாங்கிவிட்டேன். பேரம் என்று பார்த்தால் எனக்குத்தான் லாபம். அவளுக்கு டீச்சர் வேலைதான் தெரியும், பாவம், பேரம் பேசத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு மூன்று நாள் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் வந்தது. எழுதிக் கொடுத்தபடி கோட்டுப் போட்டேன். முனகவில்லை. அவளே டையைக் கட்டிவிட்டாள். கட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கீங்க” என்றாள், ஏதோ தொலைத்ததைக் கண்டுபிடித்த மாதிரி.

கண்ணாடியில் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தேன். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஒருவேளை கோட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லையோ?

படிக்கட்டில் வரிசையாக ஜோடிகள். பல் டாக்டர் பட்டன் போடாமல் நின்று எனக்குக் கையசைத்தார். எங்கள் முறை வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் கேமராவைச் சரி செய்துகொண்டிருந்தபோது, வெள்ளை உடுப்பில் படியிறங்கி வந்த ஒரு பெண் எங்கள் பக்கத்தில் நின்றாள். ஃபார்மல் நைட்டில் கப்பல் ஊழியர்களும் உடுத்திக்கொண்டு வருவது வழக்கமாம். முகமூடி இல்லாததால் நர்ஸை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது.

“சார்! கோட்டுல ஆளே மாறிட்டீங்க. அன்னிக்கு முழுக்க நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?”

“ரெஸ்டா? சாயங்காலம் மேடம் வந்து டாக்டர்கிட்ட பேசற வரைக்கும் அடைச்சுதானே வெச்சிருந்தீங்க?”

“சாயங்காலமா? நீங்க சொன்னதை எழுதிக் காட்டினதுமே, காலையில ஒன்பது மணிக்கே டாக்டர் விட்டுடச் சொல்லிட்டாரே சார். உங்களுக்கு போன் பண்ணேன், எடுக்கலை. மேடத்துகிட்ட சொன்னேன். ‘நீங்க போங்க சிஸ்டர், நான் சொல்லிக்கறேன்’னாங்க.”

நான் மெல்லத் தலையைத் திருப்பினேன். அவள் நேராகப் பார்த்து, வாழ்க்கையிலேயே மிக அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு அசையாமல் சொன்னாள்:

“என்னை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப கேமராவைப் பாருங்க.”